ஏர் பிடிக்காதவருக்கு ஒரு கலப்பை விளம்பரம்

‘தி இந்து’ நாளிதழின் முதல் பக்கத்துக்குச் செய்தி வந்து சேர்ந்தது 1958 ஜனவரியில்தான். அதுவரை அந்தப் பக்கம் விளம்பரங்களுக்கு உரியதாக இருந்தது. லண்டன் ‘டைம்ஸ்’ இதே மாற்றத்துக்கு 1966 வரை காத்திருந்தது. காலனிகளின் பத்திரிகைகள் பலவும் பின்பற்றியது இந்த லண்டன் வழக்கத்தைத்தான். முதலில் சரக்கு, உள்ளே சேதி.

அந்த இதழ்களை இன்று நாம் படிக்கிற முறை நேர்மாறானது. தலையங்கத்தை நகலெடுத்துக்கொள்கிறோம். காங்கிரஸ் மாநாட்டுச் செய்தியைக் குறித்துக்கொள்கிறோம். ஏலம், சோப்பு, தையல் இயந்திரம், இரும்புக் கலப்பை, எண்ணெய் இன்ஜின் என்று வரிசைகட்டி நிற்கும் பக்கத்தை விரலால் தள்ளிவிட்டுப் போகிறோம். பத்திரிகைக்குக் காகிதமும் மையும் வாங்கித் தந்ததில் அந்தப் பக்கத்துக்குப் பெரும் பங்குண்டு என்பது நினைவுக்கு வருவதில்லை. அதைவிட முக்கியமான இன்னொன்றும் உண்டு. தலையங்கம் ஊர் உலகம் முழுவதற்கும் பேசுவதாகச் சொல்லிக்கொள்ளலாம். விளம்பரத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. யார் மடியில் காசு இருக்கிறதோ அவர் முகத்தைப் பார்த்துத்தான் அது பேசியாக வேண்டும். ஒரு சமூகத்தில் யார் எதைத் தீர்மானித்தார்கள் என்று அறிய இதைவிட நேரான சான்று குறைவு.

உழவுக் கருவிகளின் விளம்பரங்களில் இது பளிச்செனத் தெரிகிறது. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது சென்னை மாகாணத்தில் நூறு பேரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்கள் அதிலும் மிகச் சிறு பகுதி. அப்படியிருக்க, ஆங்கில நாளிதழில் வந்த கலப்பை விளம்பரத்தைப் படித்தவர் யார்? கலெக்டர், தோட்டத் துரை, ஜமீன் மேலாளர், ஊரில் நிலமும் பட்டணத்தில் வக்கீல் தொழிலுமாக இருந்த மிராசுதார். மேழி பிடித்த பண்ணையாளும் வாரத்துக்கு உழுத குடியானவரும் அந்த வட்டத்துக்கு வெளியே நின்றார்கள். கருவியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஒருவருக்கு, அதை இழுத்துக்கொண்டு வயலில் நடக்கும் பாடு இன்னொருவருக்கு.

இப்படி வாங்கியவர்களில் அரசே முன்னால் நின்றது. சென்னை ஆளுநர் வில்லியம் டெனிசன் 1863இல் இங்கிலாந்துக்கு ஒரு பட்டியல் அனுப்பினார். நீராவிக் கலப்பை, பரம்புகள், விதைக்கும் கருவி, கதிரடிக்கும் இயந்திரம், தூற்றும் இயந்திரம், தட்டை நறுக்கும் கருவி, நீரிறைக்கும் கருவி என்று நீண்டது அது. கருவிகள் வந்திறங்கின. அவற்றை இயக்கிப் பார்க்கச் சைதாப்பேட்டையில் சோதனைப் பண்ணை எழுந்தது. இங்கிலாந்தின் பரந்த வயல்களை மனத்தில் வைத்துச் செய்த நீராவிக் கலப்பைக்கு, வரப்புக்கு வரப்பு உடைமை மாறும் செங்கற்பட்டு நஞ்சையில் என்ன வேலை என்று பட்டியல் போடுமுன் எந்த உழவரையும் கேட்டதாகத் தெரியவில்லை. சைதாப்பேட்டையில் பின்னர் வேளாண் கல்வி வளர்ந்தது, அது கோயம்புத்தூருக்கும் போய் வேரூன்றியது. நீராவிக் கலப்பையோ தமிழ் உழவில் சுவடு பதிக்கவில்லை.

சீமைக் கருவி ஏன் விலைபோகவில்லை என்பதற்கு ஆட்சியாளர்கள் தயாராக வைத்திருந்த விடை, ‘இந்திய உழவன் பழமைவாதி’ என்பது. அதை மறுத்தவர் அவர்களே அனுப்பிவைத்த ஒருவர். இங்கிலாந்தின் அரச வேளாண் கழகத்து வேதியியல் ஆலோசகர் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர், 1889 இறுதியில் இந்தியா வந்து ஓராண்டுக்கு மேல் சுற்றி, 1893இல் வெளியான அறிக்கையில் தன் முடிவைச் சொன்னார். இந்திய உழவர் ஆங்கிலேய உழவருக்கு இளைத்தவர் அல்லர், சிலவற்றில் அவரை விஞ்சுபவர் என்றார். இரும்புக் கலப்பையின் சிக்கலையும் கணக்காகவே எடுத்துவைத்தார். விலை அதிகம், எடை அதிகம், இழுக்கும் மாடு சிறியது, உடைந்தால் ஊர்க் கொல்லரால் சரிசெய்ய முடியாது. மரக்கலப்பையை உழவர் தோளில் வைத்துக்கொண்டு வயலுக்கு வயல் போவார். இரும்பை அப்படித் தூக்க முடியுமா? விளம்பரத்தின் படத்தில் கலப்பை மட்டும்தான் இருக்கும், மாடு இருக்காது.

அதே அறிக்கை ஓர் இயந்திரத்தை மனமாரப் பாராட்டுகிறது. பீகாரின் ஷாகாபாத் மாவட்டத்தில் பிஹியா என்ற ஊரில் தாம்சன், மில்ன் என்ற இருவர் 1870களில் செய்த இரும்புக் கரும்பாலை அது. கல் செக்குக்கும் மர ஆலைக்கும் பதிலாக இரும்பு உருளைகள். கரும்பைத் துண்டு துண்டாக நறுக்க வேண்டியதில்லை, முழுதாகவே கொடுக்கலாம். ஏற்கெனவே வீட்டில் இருந்த மாட்டையே பூட்டலாம். வாங்க முடியாதவருக்கு வாடகைக்கும் கிடைத்தது. ‘பழமைவாதி’ என்று பட்டம் சூட்டப்பட்ட அதே உழவர்கள் அதை அள்ளிக்கொண்டு போனார்கள். அடுத்த ஊர்க் களத்தில் சாறு கொட்டுவதைக் கண்ணால் கண்டவருக்குப் பத்திரிகை விளம்பரம் தேவைப்படவில்லை. வாடகை முறை, விலை பற்றிய பயத்தில் பாதியைப் போக்கிவிட்டது.

உள்நாட்டில் வார்த்த கலப்பைக்கும் வழி எளிதாக இல்லை. லக்ஷ்மணராவ் கிர்லோஸ்கர் 1903 வாக்கில் பெல்காமில் இரும்புக் கலப்பை செய்தார். இரண்டு ஆண்டுகள் அது தேங்கிக் கிடந்தது. இரும்பு பட்டால் மண் நஞ்சாகும் என்று உழவர்கள் அஞ்சினார்கள். தக்காணத்துக் கரிசலில் ஆழ ஓடும் புல் வேரை மரக்கலப்பையால் அறுக்க முடியாது என்ற உண்மைத் தேவைதான் கடைசியில் அதை விற்றது. 1920இல் அந்த நிறுவனம் ‘கிர்லோஸ்கர் கபர்’ என்று ஒரு மராத்தி இதழைத் தொடங்கியது. தொழிற்சாலைச் சேதியும் சரக்கு விளம்பரமும் சொல்லப் பிறந்த இதழ், சங்கர்ராவ் கிர்லோஸ்கரின் ஆசிரியப் பொறுப்பில் கதையும் கட்டுரையும் சமூகச் சீர்திருத்த விவாதமும் தாங்கி வளர்ந்தது. பின்னால் ‘ஸ்த்ரீ’, ‘மனோகர்’ என்ற இதழ்களும் அங்கிருந்து வந்தன. கலப்பை விற்கப் போன பத்திரிகை ஒரு மொழியின் வாசிப்பையே மாற்றியது. வாங்குபவரின் மொழியில் பேசியதால் வந்த பேறு இது.

விளம்பரம் எதைப் பேசாமல் விட்டது என்பதற்குச் சான்று இலங்கையில் இருக்கிறது. ‘சிலோன் அப்சர்வர்’ நடத்திய ஃபெர்கூசன் குடும்பத்தார் 1881இல் கொழும்பில் ‘டிராபிகல் அக்ரிகல்ச்சரிஸ்ட்’ என்ற மாத இதழைத் தொடங்கினார்கள். 1869இல் கண்ட இலைத்துரு நோய் காப்பியை அழித்துவர, துரைமார் தேயிலைக்கு மாறிய காலம். பெல்ஃபாஸ்டில் டேவிட்சன் செய்த ‘சிராக்கோ’ உலர்த்தி, ஜாக்சனின் கொழுந்து உருட்டும் இயந்திரம் என ஒவ்வொன்றும் தோட்டக்காரர்களுக்கு விளம்பரமாயிற்று. கொழுந்தைக் கையால் உருட்டிய வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது. உலர்த்த, சலிக்க, தரம் பிரிக்க எல்லாவற்றுக்கும் இயந்திரம் வந்தது. கொழுந்து பறிப்பது மட்டும் கையிலேயே நின்றது. தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டு லயங்களில் வாழ்ந்த பெண்களின் கை அது. அந்தக் கையை விலக்க எந்த முதலாளிக்கும் அவசரம் இருக்கவில்லை, அவ்வளவு மலிவு. எந்த வேலைக்கு இயந்திரம் விற்றார்கள் என்பது எவ்வளவு சேதி சொல்கிறதோ, எந்த வேலைக்கு விற்க முயலவில்லை என்பதும் அவ்வளவு சொல்கிறது.

சிற்றிதழ்க்காரர்களாகிய நாம் விளம்பரம் வாங்காததைப் பெருமையாகச் சொல்வதுண்டு. நமக்கு முன்னோடி காந்தி. 1903இல் டர்பனில் தமிழ் உட்பட நான்கு மொழிகளில் தொடங்கிய ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் பின்னாளில் அவர் விளம்பரத்தை அறவே நிறுத்தினார்.  நிறுத்த முடிந்ததற்குக் காரணம், காந்தி தன் வருமானத்தை அதில் கொட்டியிருந்தார், சந்தாதாரர்கள் அதைத் தங்கள் இதழாக நினைத்தார்கள். விளம்பரத்தை விடுகிறவர் அந்தச் செலவை யார் சுமப்பது என்பதற்கும் விடை சொல்ல வேண்டும். எனவே விளம்பரம் தாங்கி வந்த பழைய இதழ்களை இளக்காரமாகப் பார்க்க நமக்கு உரிமை இல்லை. அவற்றைப் படிக்கும் கடமை உண்டு.

படிப்பதற்கு அவை இருக்க வேண்டும் அல்லவா? ஆண்டுத் தொகுதியாகக் கட்டும்போது மேலட்டையையும் விளம்பரத் தாள்களையும் கிழித்தெறிவது பைண்டிங் பட்டறைகளில் நெடுநாள் பழக்கம். பழைய இதழ்களிலிருந்து தொகுப்பு நூல் போடுபவர்கள் கதையையும் கட்டுரையையும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுகிறார்கள். மின்னுருவாக்கத்திலும் இதே தவறு தொடரலாம். நூலகங்களுக்கு நம் வேண்டுகோள், ஓர் இதழை ஸ்கேன் செய்தால் அட்டை முதல் அட்டை வரை ஒரு பக்கமும் விடாமல் செய்யுங்கள். தொகுப்பாசிரியர்கள் பின்னிணைப்பாகச் சில விளம்பரப் பக்கங்களையாவது சேருங்கள். வாசகர்களே, உங்கள் வீட்டுப் பரணில் ‘சுதேசமித்திர’னோ வேறு பழைய இதழோ இருந்தால், பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுமுன் எங்களுக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள். விளம்பரம் மட்டுமே மிஞ்சிய கிழிசல் தாளாக இருந்தாலும் எங்களுக்கு அது வேண்டும்.