முகத்து மங்கும் கடல் கடந்த பயணமும்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் பெருவீதியில், விசுவமடுவைத் தாண்டினால் உடையார்கட்டை அடையலாம். வயலையும் தோட்டத்தையும் நம்பி வாழும் ஊர். சித்திரை வெயிலில் கச்சான் தோட்டத்திற் களை பிடுங்கிய முகங்களில் மங்கு படர்வது இங்கே புதுமையன்று. ஊரில் இருக்கும்வரை அதனை எவரும் பொருட்படுத்துவதில்லை. வெளிநாட்டுப் பயணம் நிச்சயமானதும் அதுவே வீட்டின் பெருங்கவலையாகிவிடுகிறது.

இவ்வூர்ப் பெண்ணொருத்திக்குக் கனடாவில் மணம் பேசி முற்றாகியிருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். விசாவும் வந்துவிட்டது, கூறைச்சேலையும் எடுத்தாயிற்று. "பிள்ளை, முகத்தைக் கொஞ்சம் வெளுக்கப் பண்ணிக்கொண்டு போ" என்கிறார் மாமி. தெரிந்தவர் ஒருவர் பெயர்ச்சீட்டில்லாத சிமிழொன்றைக் கொண்டுவந்து கொடுக்கிறார். பத்தே நாளில் முகம் பளிச்சிடுகிறது. அந்தப் பளபளப்பைக் கண்டுதான் நாம் அஞ்சவேண்டும்.

இத்தகைய சிமிழ்களுட் சிலவற்றிற் பாதரசமும், வேறு சிலவற்றிற் கடுமையான ஸ்டெரொயிட் மருந்தும் கலந்திருப்பதுண்டு. பாதரசம் தோலின் வழியே உட்புகுந்து சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். பூசியவரை அணைக்கும் குழந்தையையும் அது விட்டுவைக்காது. 2019ஆம் ஆண்டு அமெரிக்காவின் சக்கரமெண்டோ நகரில், பிறநாட்டிலிருந்து வந்த முகக்கிறீமைப் பூசிய பெண்ணொருவர் பேச்சுக் குழறி, நடை தளர்ந்து, நினைவு மங்கிய நிலைக்கு ஆளானார். அந்தக் கிறீமில் பத்து இலட்சத்துக்கு 12,000 பங்கு பாதரசம் இருந்ததைச் சோதனை காட்டிற்று. ஸ்டெரொயிட்டோ தோலை மெலியச் செய்து, பருவையும் மயிரையும் வளர்க்கும். திடீரென நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். புது மணப்பெண் அந்நிய நாட்டில் இறங்கிய முதல் வாரத்தில் இத்துன்பம் வந்தால், அவள் யாரிடம் சொல்லி அழுவாள்?

ஆகவே முதற்கண் காரணத்தை அறியவேண்டும். கன்னத்து மங்குக்கு வெயிலும், கர்ப்பமும், கருத்தடை மாத்திரையும் காரணமாகலாம். பருவோ காயமோ ஆறிய இடமும் கறுக்கும். 2009 ஜனவரியில் எறிகணைகளுக்கு நடுவே இவ்வூரில் இருந்தோருட் சிலர் அத்தகைய தழும்புகளை இன்றும் சுமக்கின்றனர். பிடரியும் அக்குளும் தடித்துக் கறுத்தால் இரத்தத்திற் சீனியின் அளவைச் சோதிப்பது நன்று. அது நீரிழிவின் முன்னறிவிப்பாக இருக்கலாம். உடல் முழுவதும் கறுத்து, களைப்பும் மெலிவும் சேர்ந்தால் தாமதமின்றி மருத்துவரிடம் செல்லவேண்டும்.

அண்மையிலுள்ள அரசாங்க வைத்தியசாலையில் முதலிற் காட்டி, தேவையாயின் கடிதம் பெற்று யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் தோல் நோய்க் கிளினிக்குக்குச் செல்லலாம். அங்கே கட்டணம் இல்லை. பயணத்திற்குச் சில மாதங்கள் முன்னரே செல்வது அவசியம். முறையான மருந்தும் பலன் தர இரண்டு மூன்று மாதங்களாகும். மருத்துவரிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். நோய் இன்னது, மருந்தின் விஞ்ஞானப் பெயர் இன்னது, அதன் வலு எவ்வளவு, எவ்வளவு காலம் பூசியது என்பன அதில் இருக்கட்டும். கம்பனிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும்; விஞ்ஞானப் பெயர் பெரும்பாலும் மாறாது. ஏற்கெனவே பூசிய சிமிழையும் மறைக்காமற் காட்டுங்கள்.

போகுமிடத்து நடைமுறையும் தெரிந்திருத்தல் நலம். கனடாவிலும் பிரித்தானியாவிலும் வழமையாகக் குடும்ப மருத்துவரே தோல் நிபுணரிடம் அனுப்புவார். அதற்கு மாதக்கணக்கிற் காத்திருக்கவும் நேரலாம். ஐதரோகுயினோன் என்னும் நிறங்குறைக்கும் மருந்தைப் பிரித்தானியாவில் மருத்துவரின் சீட்டின்றி வாங்கலாகாது. 2020இன் பின் அமெரிக்காவிலும் அவ்வாறே. கர்ப்பமுற்றாலோ, அதற்கு எண்ணியிருந்தாலோ, அதனை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடவேண்டும். லேசர் சிகிச்சை நம்மவர் தோலைச் சில வேளை மேலும் கறுக்கச் செய்யும். நம் நிறத்தோரிடம் பழகிய கைகளையே நாடவேண்டும்.

"குளிர் நாடுதானே, மங்கு தானாக மறையும்" என்று இருந்துவிடவும் இயலாது. புதுப்பனி சூரியனின் புறஊதாக் கதிர்களில் 80 வீதம் வரை திருப்பியெறியும். வெயில் காப்புக் கிறீம் அங்கும் தேவை. இரும்பு ஒக்சைட் சேர்ந்து நிறமூட்டப்பட்டதாயின் மங்குக்கு இன்னும் நன்று.

இறுதியாக, பெற்றோருக்கு ஒரு சொல். மங்கு என்பது வேறு, மாநிறம் என்பது வேறு. முன்னதற்கு மருந்துண்டு; பின்னது நோயே அன்று. பெட்டியில் மிளகாய்த்தூளும் ஒடியலும் கட்டிக் கொடுக்கும் கைகள், அவற்றோடு மருத்துவரின் கடிதத்தையும் வைக்கட்டும். பெயரில்லாச் சிமிழ் அந்தப் பெட்டியில் ஏறவேண்டாம்.