திரும்பி வருவதற்கான எண்ணெய்

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று மலர்க்குழுவினர் எழுதியபோது, கல்லூரி நாட்களின் இனிய நினைவுகளையே யான் எழுதுவேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். அந்நினைவுகளை என்னினும் அழகுற எழுதவல்லார் பலர் நம்முள் உளர். யானோ கல்லூரியை விட்டபின் மலைநாடு சென்று, ஊவாத் தோட்டங்களின் மருந்துச்சாலைகளில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன். ஆதலின், அங்கு யான் கண்டறிந்த ஒரு சிறு பொருளைப் பற்றியே எழுதத் துணிந்தேன். ஜீப் வண்டியின் பின்புறத்தில் மாட்டிவைக்கும் எண்ணெய்க் கலனே அப்பொருள்.

விழா மலரில் பெற்றோல் தகரத்துக்கு என்ன வேலை என்று நகைப்போரும் இருப்பர். நகைக்கட்டும், ஆனால் முழுவதையும் வாசித்துவிட்டு நகைக்குமாறு வேண்டுகிறேன்.

பதுளைக்குப் புகையிரதம் வந்தது 1924ஆம் ஆண்டில். பாதை அவ்வூரோடு முடிகிறது. அதற்கப்பால் தண்டவாளம் இல்லை. பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுல என எத்திசைக்குச் செல்வதாயினும் தெருவே வழி. பெருந்தெருவில் பஸ் ஓடும். அதிலிருந்து பிரிந்து, தேயிலை மலைகளினூடே வளைந்து வளைந்து லயங்களை நோக்கி ஏறும் தோட்டப் பாதைகளின் நிலைமை வேறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் அப்பாதைகளில் ஏறவல்லவை நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்பும், கொழுந்து ஏற்றும் ட்ரக்டரும், ஒருசில லொறிகளுமே. நோயாளியைச் சுமப்பதும் அவையே. அரிசி மூட்டையைச் சுமப்பதும் அவையே. இறந்தவரைச் சுமப்பதும் அவையே.

எங்கள் மலையில் தூரத்தைக் கிலோமீற்றரால் அளப்பவன் ஏமாறுவான். சமதரையில் ஒரு லீற்றர் எண்ணெய்க்கு எட்டுக் கிலோமீற்றர் ஓடும் வண்டி, முதலாம் இரண்டாம் கியர்களில் முனகிக்கொண்டு மலையேறும்போது நான்கைந்து கிலோமீற்றர் ஓடினால் பெரிது. பனிமூட்டத்திற் காத்திருக்கும் நேரமும், மண்சரிவு கண்டு திரும்பிச் சுற்றுப்பாதையிற் செல்லும் தூரமும் கணக்கிற் சேரா.

இனி, இக்கட்டுரையை என்னை எழுதவைத்த நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியை எவரும் மறந்திரார். அவ்வாண்டு ஜூன் 28 முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் வழங்கப்படுமென அரசாங்கம் அறிவித்தது. அதற்கு முன்னரே வரிசைகள் மைல்கணக்கில் நீண்டிருந்தன. வரிசையில் நின்றபடியே உயிர்விட்டவர்களும் உண்டு. அந்நாட்களில் ஒருநாள் இரவு, தோட்டத்தின் மேற்பிரிவில் ஓர் இளம்பெண்ணுக்குப் பிரசவ வேதனை கண்டது. குழந்தை குறுக்கே கிடந்தது. பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதைத் தவிர வேறு வழியில்லை. அம்பியுலன்ஸ் பெருந்தெரு வரை வரலாம். மேற்பிரிவுக்கு அது ஏறாது. எப்போது வருமென்றும் அன்று சொல்வாரில்லை. தோட்டத்துக்கு இருந்தது பெற்றோலில் ஓடும் பழைய ஜீப் ஒன்று.

சாரதி தாங்கிக்குள் ஒரு குச்சியை விட்டு அளந்து பார்த்தார். பின்பு என்னிடம், "டொக்டர் ஐயா, இருக்கிற எண்ணெய்க்குப் பதுளைக்குப் போயிரலாமுங்க. திரும்பி வரத்தான் முடியாதுங்க" என்றார்.

போகச் சொன்னேன். வேறெதனைச் சொல்வது? மருத்துவிச்சி உடன்சென்றார். தாயும் சேயும் பிழைத்தனர். ஜீப் மட்டும் திரும்பவில்லை. சாரதி பதுளையில் இரண்டு இரவுகள் வரிசையிலேயே உறங்கினார்.

இரண்டாம் நாள் முற்பகல், கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களைக் குளவிகள் கலைந்து கொட்டின. வயது முதிர்ந்த ஓர் அம்மையார் பாதையோரத்திலேயே விழுந்துவிட்டார். என்னிடம் இருந்த ஊசி மருந்தைச் செலுத்தினேன். பின்னர் நான்கு இளைஞர்கள் அவரைக் கம்பளியில் தூளி கட்டிப் பெருந்தெருவை நோக்கித் தூக்கிச் சென்றனர். தெருவை அடையுமுன்னரே மூச்சு நின்றுவிட்டது. வண்டி இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று யான் சாதிக்கவில்லை. வண்டி அங்கே இருந்திருக்கவேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

அன்று தொட்டு என் கருத்து இது: மேலதிக எண்ணெய் என்பது போவதற்கு உரியதன்று, திரும்பி வருவதற்கு உரியது. போகின்றவன் தன் தேவைக்காகப் போகிறான். திரும்பி வருகின்ற வண்டியே அடுத்தவனுடைய தேவைக்காகக் காத்து நிற்கிறது.

இக்கருத்து உறுதிப்பட்டபின் யான் செய்த காரியமோ பெரும் மடமை. ஜூலை மாதத்தில் கியூ.ஆர். அட்டை முறை வந்து வாரப் பங்கு கிடைக்கத் தொடங்கியதும், அதிற் சிறிது சிறிதாக மிச்சம்பிடித்து, சமையல் எண்ணெய் வந்த பழைய பிளாஸ்டிக் கலன் ஒன்றில் நிரப்பி, ஜீப்பின் பின்னாசனத்தடியில் வைத்தேன். ஒருநாள் காய்ச்சலுற்ற சிறுவன் ஒருவனை ஏற்றிச் சென்றோம். பாதி வழியில் அவன் வாந்தியெடுத்தான். அவன் தாய் தலைசுற்றுகிறதென்றார். இறங்கிப் பார்த்தால், கலனின் மூடியோரம் கசிந்து தரைவிரிப்பெல்லாம் பெற்றோல். சாரதியின் சட்டைப்பையில் தீப்பெட்டி இருந்தது. அச்சாமான்களையெல்லாம் தெருவோரத்தில் இறக்கிவைத்துவிட்டு, யானும் அருகே அமர்ந்து நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. நன்மையைக் கருதி ஒரு தீப்பந்தத்தை நோயாளியின் காலடியில் வைத்திருந்தேன்!

அதன்பின்னரே இப்பொருளைப் பற்றிக் கேட்டும் படித்தும் அறியத் தொடங்கினேன். எண்ணெய்க் கலனுக்கும் ஒரு வரலாறு உண்டு. முற்காலத்தில் மண்ணெண்ணெயும் பெற்றோலும் நான்கு கலன் கொள்ளும் சதுரத் தகரங்களில் வந்தன. வெறுந்தகரத்தை வெட்டித் தண்ணீர் சுமக்கவும் கூரையின் ஓட்டையை அடைக்கவும் பயன்படுத்தியதை நம்முள் முதியோர் அறிவர். இரண்டாம் உலகப்போரில் பிரித்தானியப் படைகள் வட ஆபிரிக்கப் பாலைவனத்துக்கு எண்ணெயைக் கொண்டுசென்றதும் அத்தகைய மெல்லிய தகரங்களிலேயே. குலுங்கும் லொறிகளில் அவை பொத்துக் கசிந்தன. பத்தில் மூன்று பங்கு எண்ணெய் வழியிலேயே வீணாயிற்று என்று கணித்தவரும் உண்டு.

ஜெர்மானியரிடமோ 1937ஆம் ஆண்டளவில் உருவாக்கப்பட்ட 20 லீற்றர் உருக்குக் கலன் இருந்தது. அழுத்தி வார்த்த இரு பாதிகளை ஒன்றாகப் பற்றவைத்தது அது. பக்கங்களில் உள்ள குறுக்குப் பள்ளம், எண்ணெய் விரிந்து சுருங்கும்போது தகடு ஈடுகொடுக்க உதவும். மேலே மூன்று கைப்பிடிகள்: நிறைந்த கலனை இருவர் இருபுறமும் பற்றித் தூக்கலாம், வெறுங்கலனாயின் ஒருவரே ஒரு கையில் இரண்டைப் பற்றலாம். கருவியின்றித் திறந்து இறுக மூடும் நெம்புமூடி ஒன்றும் உண்டு. ஜெர்மானியரைப் பகைவர் 'ஜெரி' என்று வழங்கிய பட்டப்பெயரே கலனுக்கும் நிலைத்தது. 1939ஆம் ஆண்டு போல் பிளைஸ் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர், ஜெர்மானிய நண்பர் ஒருவருடன் பெர்லினிலிருந்து இந்தியாவுக்கு மோட்டார் வண்டியிற் புறப்பட்டபோது இத்தகைய கலன்கள் மூன்றைக் கொண்டு சென்றதாகவும், அவ்வழியாகவே இக்கலனைப் பற்றிய செய்தி அமெரிக்கரை எட்டியதாகவும் சொல்வர். நெடுவழிப் பயணத்தின் பொருட்டு இந்தியாவை நோக்கி வந்த கலனே பின்னர் உலகப் படைகளுக்கெல்லாம் மாதிரியாயிற்று.

கலன் எதுவாயினும், சில இயற்கை விதிகளை அறியாமல் அதனைத் தொடுதல் கூடாது. பெற்றோலின் ஆவி காற்றினும் கனமானது. வண்டியின் தரையிலும் வீட்டின் தாழ்ந்த மூலையிலும் தேங்கும். நீர் உறையும் குளிரிலும் பெற்றோல் தீப்பற்றும் ஆவியை விடும். டீசலோ ஏறக்குறைய 55 பாகைக்கு மேற் சூடானாலன்றி அவ்வாறு செய்யாது. ஆகவே பெற்றோலை ஆட்கள் அமரும் இடத்தில் ஒருபோதும் வைத்தல் ஆகாது. வெளியே, வண்டியின் பின்புறத்தில், அதற்கென அமைத்த இரும்புத் தாங்கியிற் பட்டியால் இறுக்கி வைக்கவேண்டும்.

கலனை வாய்வரை நிரப்புவதும் தவறு. பத்துப் பாகை வெப்பம் கூடினால் பெற்றோல் நூற்றுக்கு ஒரு பங்கு விரியும். அப்புத்தளை கடல்மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கு மேல். வெல்லவாய ஏறக்குறைய 200 மீற்றர். அதிகாலைக் குளிரில் அப்புத்தளையில் விளிம்புவரை நிரப்பிய கலன், நண்பகலில் வெல்லவாய வெயிலுக்கு இறங்கும்போது எண்ணெய் எங்கே போகும்? மேலே சிறிது வெற்றிடம் விட்டால் அதற்குப் போக்கிடம் உண்டு. நிரப்பும்போது கலனை வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வைத்து நிரப்பவேண்டும். நிலைமின்னின் ஒரு சிறு பொறியே போதும் கேடு விளைவிக்க. சில மாதங்களுக்கு ஒருமுறை அவ்வெண்ணெயை வண்டியின் தாங்கியில் ஊற்றிச் செலவழித்துப் புதிதாக நிரப்புதலும் வேண்டும். பழைய பெற்றோல் அவசர வேளையில் இயந்திரத்தைக் கைவிட்டுவிடும்.

இனி, அளவுக்கு வருவோம். விடுமுறை நாட்களில் மடுல்சீமைக்கும் நமுனுகுலவுக்கும் ஜீப்களில் ஏறிவரும் இளைஞரை இன்று காண்கிறோம். மலையைக் காண வருவது நன்றே. ஆனால் சில வண்டிகளின் கூரைமேல் நான்கு, ஐந்து கலன்கள் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. நிறைந்த 20 லீற்றர்க் கலன் ஒன்று ஏறக்குறைய 20 கிலோ நிறை. நான்கு கலன்கள் கூரையில் ஏறினால் கொழுத்த ஆள் ஒருவர் கூரைமேல் நின்று பயணம் செய்வதற்கு ஒப்பாகும். கொண்டையூசி வளைவில், சரிந்த தோட்டப் பாதையில், அந்நிறை வண்டியைப் பள்ளத்தின் பக்கமே இழுக்கும். பாரம் தாழ்ந்திருந்தால் வண்டி நிலைத்து நிற்கும், உயர்ந்தால் கவிழும். இத்தனை எண்ணெய்க்குத் தேவையும் இல்லை. எங்கள் மலையில் ஒரு கலன் எண்ணெய் 80 முதல் 100 கிலோமீற்றர் வரை ஓடும். பதுளை மாவட்டத்தின் எந்தத் தோட்டத்திலிருந்தும் ஆஸ்பத்திரிக்குச் சென்று மீள்வதற்கு அது போதும். ஆபிரிக்கப் பாலைவனத்துக்கு வேண்டிய ஏற்பாட்டை அரைநாட் பயணத்துக்குச் செய்வது வெறும் அலங்காரம்.

"இது பதுக்கலுக்கு வழிகாட்டுவதன்றோ?" என்று கேட்போர் உண்டு. கேட்கவேண்டிய கேள்விதான். 2022இல் கலன்களில் எண்ணெய் வழங்குதல் தடைசெய்யப்பட்டதும், வீடுகளில் சேர்த்துவைத்த எண்ணெய் தீப்பற்றிய செய்திகள் வந்ததும் நாம் அறிந்தவை. பஞ்சம் வந்தபின் கலனைத் தூக்கிக்கொண்டு ஓடுவது பதுக்கல். அதனை யான் ஆதரிக்கவில்லை. எண்ணெய் தாராளமாகக் கிடைக்கும் காலத்தில், சட்டம் இடங்கொடுக்கும் அளவில், பொதுத் தேவைக்கென ஒரு கலனை நிரப்பிக் கணக்கெழுதி வைப்பது வருமுன் காத்தல். ஒளித்து வைப்பது பதுக்கல். யாவரும் காண வண்டியின் முதுகில் மாட்டிவைப்பது காவல். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எங்கள் லயத்துக் கிழவியும் அறிவாள்.

எண்ணெய்ப் பஞ்சம் ஒன்றே காரணமுமன்று. 2014 அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலில் பதுளை மாவட்டமெங்கும் மண் சரிந்து பாதைகள் அடைபட்டன. பாதை அடைபட்ட நாளில் பெற்றோல் நிலையத்தில் எண்ணெய் நிறைந்திருந்தும் என் பயன்? மண்ணுக்கு இப்புறம் நிற்கும் வண்டியில் உள்ள எண்ணெயே எண்ணெய்.

ஆதலின் யான் வேண்டுவது இது. நம் கல்லூரியிற் பயின்ற பலர் தோட்டங்களிலும், வைத்தியத் துறையிலும், அரசாங்க அலுவலகங்களிலும் பொறுப்பான பதவிகளில் இருக்கின்றனர். தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவிலும் மலையேறவல்ல வண்டிக்கு ஒரு நல்ல உருக்குக் கலனும், ஒரு தாங்கியும், பூட்டும் இருக்கும்படி அவர்கள் செய்யவேண்டும். சாவி ஒன்று சாரதியிடமும் மற்றொன்று மருந்துச்சாலையிலும் இருக்கட்டும். எடுத்தவர் எழுதிவைக்கவேண்டும், எழுதியவர் மீண்டும் நிரப்பவேண்டும். துரையின் பயணத்துக்கோ, கிளாக்கர் ஐயாவின் கலியாண வீட்டுக்கோ அக்கலன் திறக்கப்படலாகாது. ஓர் இலட்சத் திட்டமன்று இது. மனமிருந்தால் ஒரு மாதத்திற் செய்து முடிக்கலாம்.

யான் ஓய்வுபெற்றுவிட்டேன். அத்தோட்டத்து ஜீப்பின் பின்புறத்தில் இன்று பச்சை வர்ணம் பூசிய ஒரு கலன் இருக்கிறது. அதனை மாட்டியவர் அன்று தாங்கியைக் குச்சியால் அளந்த அதே சாரதி. சென்ற முறை அவரைக் கண்டபோது, "இப்ப திரும்பியும் வரலாமுங்க ஐயா" என்றார். தூளியிற் சென்ற அம்மையாரின் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை. எனக்கு அக்கலனே அவர் நினைவுக்கல்.

— ஊவாவில் வாழ்ந்த பழைய மாணவன்