கணக்குக் கேட்காத நினைவுநாள் எதற்கு?

கொற்கைக்கு வரும் வெளியூர் நண்பர்களிடம் நாங்கள் காட்டுவதற்கு அதிகம் எதுவும் இல்லை. ஒரு குளம், ஒரு பழைய வன்னிமரம், தொல்லியல் துறை தோண்டிய இடங்கள். கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. ஆனாலும் பாண்டியரின் முத்துத் துறைமுகம் என்று சொல்லும்போது எங்கள் குரல் தானாக உயரும். அந்தப் பெருமைக்கு அடியில் ஒரு செய்தி கிடக்கிறது. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்கக் கடற்பயணக் குறிப்பு, கொற்கையில் முத்துக்குளிக்க இறக்கப்பட்டவர்கள் தண்டனைக் கைதிகள் என்கிறது. முத்து அணிந்த அரசர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். மூச்சடக்கி மூழ்கியவர்களில் ஒருவர் பெயர்கூடத் தெரியாது.

அது இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய கதை, போகட்டும் என்று விட்டுவிடலாம். 1999 ஜூலை 23 அன்று இதே தாமிரபரணியின் கரையில், திருநெல்வேலியில், செத்துப்போன பதினேழு பேரின் பெயர்கள் தெரியுமா?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் பல்கலைக்கழக விடுதியில் என்னோடு தங்கியிருந்த ஒரு தம்பி. முதுகலை முதலாண்டு மாணவர். "அண்ணே, நீங்க இதெல்லாம் ஆராய்ச்சி பண்றவங்கதானே, அந்தப் பதினேழு பேரு யாரு யாருண்ணே?" என்றார். ஐந்து பெயர் சொன்னேன். ஆறாவது பெயர் வரவில்லை. அன்று காலைதான் ஒரு பழைய நடிகரின் நினைவுநாளுக்குக் கறுப்பு வெள்ளைப் படத்தோடு இரண்டு வரி எழுதி நூற்றுச் சொச்சம் விருப்பக்குறிகள் வாங்கியிருந்தேன். அந்த வெட்கத்தில் இருந்துதான் இதை எழுதுகிறேன்.

நம் காலத்தில் நினைவுநாளுக்குப் பஞ்சமே இல்லை. காலையில் கைபேசியைத் திறந்தால் இன்று யாருடைய நாள் என்று அதுவே சொல்லிவிடுகிறது. நடிகர், பாடகர், கவிஞர், தலைவர். ஒரு படம், ஒரு மெழுகுவத்தி, 'காலத்தால் அழியாத' என்று தொடங்கும் ஒரு வரி. மறுநாள் வேறொருவர். கலைஞர்களை நினைவுகூர்வதை நான் இழிவாகப் பார்க்கவில்லை. நாள் முழுக்க வயலிலும் உப்பளத்திலும் வெந்துவிட்டு வந்த எங்கள் வீட்டுப் பெரியவர்களைச் சிரிக்கவைத்தவர்கள் அவர்கள். அந்தக் கடன் உண்மையானது. என் கேள்வி வேறு. செத்தவர் எதற்காகச் சண்டை போட்டாரோ அதை மட்டும் கவனமாக வெட்டி எடுத்துவிட்டு மீதிக்கு மாலை போடுகிறோமே, இது நினைவா, இன்னொரு முறை புதைப்பதா?

ஆரல்வாய்மொழிக்கு அந்தப் பக்கத்துக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்து, 1957 ஆகஸ்ட் 30 அன்று மறைந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். ஒவ்வோர் ஆகஸ்ட் 30க்கும் 'சிரிக்கவும் சிந்திக்கவும் வைத்தவர்' என்ற வாசகம் எல்லாப் பக்கங்களிலும் வரும். எதைச் சிந்திக்க வைத்தார் என்று எவரும் சொல்வதில்லை. அண்ணாவின் கதை வசனத்தில் 1949இல் வந்த 'நல்லதம்பி' படத்தில் அவர் நடத்திய 'கிந்தனார்' கதாகாலட்சேபத்தைச் சொல்ல வேண்டாமா? சிதம்பரம் போக ஆசைப்பட்ட நந்தனாரைத் தீயில் இறக்கிப் 'புனிதப்படுத்தி'த்தான் உள்ளே விட்டது பெரியபுராண மரபு. கலைவாணர் அதே காலட்சேப வடிவத்தைக் கையில் எடுத்து, நந்தனுக்குப் பதில் கிந்தனை வைத்தார். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த கிந்தன் தில்லைக்குப் போகவில்லை, பட்டணத்துக்குப் போகிறான். தீயில் இறங்கவில்லை, படிக்கிறான். தன்னை அடித்து விரட்டிய பள்ளிக்கூடத்துக்கே கல்வி அதிகாரியாகத் திரும்பி வருகிறான்.

இதைப் பேசினால் அடுத்த கேள்வி வந்துவிடும். கிந்தன் படித்து முடித்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும், இதே நெல்லைச் சீமைப் பள்ளிகளில் மாணவர்கள் கையில் சாதிக்கொரு நிறத்தில் கயிறு ஏன்? 2023இல் நாங்குநேரியில், நன்றாகப் படித்தான் என்ற 'குற்றத்துக்காக' ஒரு தலித் மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்களே, தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்களே, ஏன்? கிந்தனாரை நினைவுகூர்ந்தால் நாங்குநேரிக்குப் பதில் சொல்ல வேண்டும். அதனால்தான் கலைவாணரை வெறும் சிரிப்பு நடிகராக்கி வைத்திருக்கிறது பொதுப்புத்தி.

அடுத்தது நம் ஓட்டப்பிடாரத்து வ.உ.சி. நினைவுநாள் நவம்பர் 18. அவருக்கு நடந்தது இன்னும் மோசம். கப்பலும் செக்கும் எல்லாருக்கும் தெரியும். 1908இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்று, கூலி உயர்வும் வார விடுமுறையும் பெற்றுத்தந்தவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பார்வையற்ற தலித் துறவியான இராமையா தேசிகரை அவரும் வள்ளியம்மையும் தம் வீட்டிலேயே வைத்துச் சோறிட்டார்கள், சாதிசனம் எதிர்த்தபோதும் பின்வாங்கவில்லை என்பது எத்தனை சுவரொட்டியில் வருகிறது? இன்று அவர் சிலைக்கு மாலை போடப் பிந்தாமல் வருவது சாதிச் சங்கம். எந்தச் சாதிக் கட்டுப்பாட்டை அவர் தன் வீட்டு அடுப்படியில் உடைத்தாரோ, அந்தச் சாதியின் பெயரையே அவர் படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் அச்சடித்து ஒட்டுகிறார்கள். இதைவிடப் பெரிய அவமரியாதையை வெள்ளைக்காரன்கூட அவருக்குச் செய்யவில்லை.

வ.உ.சி. கைதான மறுநாள், 1908 மார்ச் 13 அன்று, திருநெல்வேலி கொந்தளித்தது. போலீஸ் சுட்டதில் நான்கு பேர் செத்தார்கள். அதை நாம் 'நெல்லை எழுச்சி' என்கிறோம். அது சரி. ஆனால் சுட்டவன் வெள்ளைக்காரன் என்றால் எழுச்சி, அடித்து விரட்டியது நம் அரசு என்றால் 'அசம்பாவிதம்' என்ற இரட்டை நாக்கு எங்கிருந்து வந்தது?

1999 ஜூலை 23க்கு வருவோம். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டார்கள். பெரும்பாலும் தலித் மக்கள். போராடியதற்காக 652 பேர் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அவர்களை விடுதலை செய், கூலியை உயர்த்து என்று கேட்டு, ஆட்சியரிடம் மனுக் கொடுக்கத்தான் கொக்கிரகுளத்துக்கு ஊர்வலம் போனது. தடியடி நடந்தது. ஒரு பக்கம் போலீஸ், இன்னொரு பக்கம் ஆறு. ஆற்றில் குதித்தவர்களும் கரையில் அடிபட்டவர்களுமாகப் பதினேழு பேர் செத்தார்கள். அவர்களில் பெண்கள் உண்டு, கைக்குழந்தையும் உண்டு. நீதிபதி மோகன் ஆணையம் அமைக்கப்பட்டது. அது காவல்துறையின் நடவடிக்கையை நியாயப்படுத்தியது. அப்போது நடந்தது சமூகநீதி பேசும் தி.மு.க. ஆட்சி என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நமக்கு வேண்டியவர்கள் ஆட்சி என்பதால் இந்தக் கணக்கு தள்ளுபடி ஆகிவிடாது.

இன்று அந்த நாள் எப்படி நினைவுகூரப்படுகிறது? ஒவ்வொரு ஜூலை 23க்கும் ஆற்றங்கரையில் காக்கிச் சட்டைகள் குவிக்கப்படுகின்றன. எந்தக் கட்சி, எந்த அமைப்பு எத்தனை மணிக்கு வந்து பூத்தூவிவிட்டுப் போக வேண்டும் என்று காவல்துறை நேரம் ஒதுக்குகிறது. யார் அடித்தார்களோ அந்தத் துறையே, செத்தவருக்கு அழுவதற்கும் நேரம் குறித்துத் தருகிறது. வேறு எந்த நினைவுநாளுக்கு இப்படி நடக்கும்? தியாகி இமானுவேல் சேகரன் நினைவுநாளுக்கு நடந்தது. 2011 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில், அவருக்கு அஞ்சலி செலுத்த வந்த நாளில், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தலித்துகள் ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். தலித் மக்களின் நினைவுநாள் என்றால் இந்த அரசுக்கு அது எப்போதும் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை.

கொக்கிரகுளத்தை ஒட்டி ஆற்றைக் கடக்கிறது சுலோசன முதலியார் பாலம். 1843இல் திறக்கப்பட்டது. தன் சொத்தைக் கொடுத்துப் பாலம் கட்டியவர் பெயர் இன்றும் அதில் இருக்கிறது. இருக்கட்டும், நல்ல காரியம் செய்தவர். ஆனால் அந்தப் பாலத்தின் மேல் நின்று பார்த்தால் தெரிகிற தண்ணீரில் செத்தவர்களுக்கு, அரசு நட்ட ஒரு கல் கிடையாது. நினைவுத்தூண் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"செத்தவங்கள வச்சு அரசியல் பண்ணாதீங்க" என்பார்கள். கூலி கேட்டுப் போனவன் பிணமாகத் திரும்பியதே அரசியல்தான். "பழசைக் கிளறினா ஊர் ஒற்றுமை கெடும்" என்பார்கள். எந்த ஒற்றுமை? சாதித் தலைவர்களின் குருபூசைக்கு ஊர் முழுக்கக் கொடி கட்டி, ஒலிபெருக்கி வைத்து, சேரி வழியாகவே வண்டியை முறுக்கிக்கொண்டு போகும்போது கெடாத ஒற்றுமை, பதினேழு பேர் பெயரைக் கல்லில் வெட்டினால் கெட்டுவிடுமா?

பழசு என்பதும் பொய். 1929இல் சிங்கம்பட்டி சமீனிடம் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற காட்டில், பாம்பே பர்மா கம்பெனிக்காகத் தேயிலை நட்டு, நான்கு தலைமுறையாக அட்டைக்கடிக்கும் மழைக்கும் நடுவில் உழைத்தவர்களை 2024இல் 'விருப்ப ஓய்வு' என்று எழுதி வாங்கி மலையை விட்டு இறங்கச் சொன்னது அந்தக் கம்பெனி. யாருடைய விருப்பம்? குத்தகை 2028இல் முடிகிறது, காடு காப்புக்காடு ஆகிவிட்டது, எனவே ஆட்கள் வேண்டாம் என்பதுதான் கணக்கு. அந்த மக்கள் நீதிமன்றம் வரை ஏறி இறங்கினார்கள். நிலம், வீடு, வாழ்வாதாரம் என்று அவர்கள் கேட்பது 1999இல் கொக்கிரகுளத்துக்கு ஊர்வலம் வந்தவர்கள் விட்டுப்போன மனுவின் தொடர்ச்சிதான். ஜூலை 23ஐ ஒரு நாள் பூத்தூவலாகச் சுருக்கியதால்தான் 2024 இவ்வளவு சுலபமாக நடந்தது.

இனி நம்மைப் பற்றியும் பேச வேண்டும், தோழர்களே. நேரம் ஒதுக்குவது போலீஸ்தான். ஆனால் தனித்தனி நேரம் கேட்டு வரிசையில் நிற்பது நாம்தான். ஆற்றங்கரையில் வைக்கிற பதாகையில் தலைவரின் முகம் ஆளுயரத்துக்கு இருக்கிறது, செத்தவர்கள் 'தியாகிகள்' என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கிவிடுகிறார்கள். தோட்டத்தில் ஒன்றாகக் கொழுந்து பறித்து, ஒன்றாக ஊர்வலம் வந்து, ஒன்றாக அடிபட்ட மக்களை, இது எங்கள் சாதியின் தியாகம், உங்களுக்கென்ன என்று உட்சாதி வாரியாகப் பங்கு போடுகிற வேலையும் நடக்கிறது. வ.உ.சி.யைச் சாதிச் சிமிழில் அடைத்தவர்களைத் திட்டிவிட்டு நாமும் அதையே செய்தால், நமக்கும் அவர்களுக்கும் என்ன வேறுபாடு?

இதையெல்லாம் மாற்ற ஆட்சியைப் பிடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆகஸ்ட் 30க்கு உங்கள் கல்லூரியில், உங்கள் தெருவில் கிந்தனாரைத் திரையிடுங்கள். முடிந்ததும் உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கயிறு கட்டுவது யார், கட்டச் சொல்வது யார் என்று கேளுங்கள். நவம்பர் 18க்குக் கோரல் ஆலையின் கதையைச் சொல்லுங்கள், ஒப்பந்தத் தொழிலாளி எவரையாவது பேச அழையுங்கள். ஜூலை 23க்கு மேடையைத் தலைவர்களிடமிருந்து வாங்கி, மலையிலிருந்து இறக்கப்பட்ட பெண்களிடம் கொடுங்கள். எல்லா அமைப்புகளும் ஒரே நேரத்தில், ஒரே ஊர்வலமாக வருவோம் என்று சொல்லுங்கள். கொக்கிரகுளத்தில் பதினேழு பெயரோடு அரசே ஒரு தூண் எழுப்ப வேண்டும் என்பதையும், மாஞ்சோலை மக்களுக்கு நிலமும் வீடும் வேண்டும் என்பதையும் ஒரே கோரிக்கையாக வையுங்கள்.

அந்தப் பதினேழு பெயர்களை இந்தக் கட்டுரையின் அடியில் நான் ஒட்டவில்லை. ஒட்டினால் நீங்களும் விரலால் தள்ளிவிட்டுக் கடந்துவிடுவீர்கள், நானும் கடமை முடிந்தது என்று தூங்கிவிடுவேன். அந்தத் தம்பியும் நானும் ஊர் ஊராகப் போய், வீட்டாரிடம் கேட்டுத்தான் கற்றுக்கொண்டோம். ஒரு வீட்டில் புகைப்படம்கூட இல்லை. இருந்த ஒன்றையும் வழக்குக்கு என்று யாரோ வாங்கிப்போனார்களாம், திரும்பி வரவில்லை. "பேரை எழுதிக்கிட்டீங்கல்ல தம்பி, தப்பில்லாம எழுதுங்க" என்று மட்டும் அந்த அம்மா சொன்னார்.

2021 செப்டம்பரில், சட்டப்பேரவை கலைவாணர் அரங்கில் கூடிக்கொண்டிருந்த நாட்களில், முதலமைச்சர் ஓர் அறிவிப்பு செய்தார். எங்கள் கொற்கைக்குப் பக்கத்துச் சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155, பொருநை நாகரிகம் 3200 ஆண்டு பழமையானது என்றார். நாங்களும் கைதட்டினோம். யாரோ ஒருவர் செத்தபோது, அவருக்குப் பசிக்கும் என்று நெல்லை அள்ளித் தாழியில் போட்டவர்கள் இந்த ஆற்றங்கரை மக்கள். அந்த நெல்லுக்கு வயது கணக்கிடத் தெரிந்த அரசுக்கு, அதே ஆற்றில் செத்த பதினேழு பேரின் கணக்கைத் தீர்க்க மட்டும் இன்னும் நேரம் வரவில்லை.

நினைவுநாளில் நாம் கேட்க வேண்டியது அந்தக் கணக்கைத்தான்.