கௌக்கா மலைகளில் அணையாத மின்குமிழ்கள்: கஞ்சா சட்டபூர்வமானபோது யாருக்கு அனுமதி கிடைத்தது?

கொலம்பியாவின் காலி நகரிலிருந்து தெற்கே, கரும்புத் தோட்டங்களின் நடுவே செல்லும் வீதியில் இரவில் பயணிப்பவர்களுக்கு மலைச்சரிவு முழுவதும் ஆயிரக்கணக்கான விளக்குகள் எரிவது தெரியும். முதற்தடவை பார்ப்பவர் அதை ஒரு நகரம் என்று நினைத்துக்கொள்வார். அப்பகுதி மக்கள் அதை நத்தார் பாலன்குடிலுக்கு ஒப்பிடுகிறார்கள். உண்மையில் அவை கஞ்சாத் தோட்டங்கள். கௌக்கா மாகாணத்தின் வடக்கே கொரிந்தோ, மிராண்டா, கலோட்டோ, தொரிபியோ ஆகிய இடங்களில், சிறு துண்டுக் காணிகளுக்கு மேலே கம்பி இழுத்துச் சாதாரண மின்குமிழ்களைத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

சட்டவிரோதப் பயிரை இப்படி வெளிச்சம் போட்டு வளர்ப்பது ஏன் என்ற கேள்விக்கு விடை செடியிடமே இருக்கிறது. கஞ்சா ஒரு குறும்பகல் தாவரம். இரவு போதிய அளவு நீண்டு, இடையில் குழப்பப்படாமல் இருந்தால்தான் அது பூக்கும். பகலின் நீளம்தான் பூப்பைத் தீர்மானிக்கிறது என்று ஆரம்பத்தில் கருதப்பட்டது. 1938இல் ஹம்னர், பொனர் என்ற இரு ஆய்வாளர்கள் இன்னொரு குறும்பகல் தாவரத்தை வைத்துச் செய்த பரிசோதனை, நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் வெளிச்சம் காட்டினாலே செடி பூக்காமல் விட்டுவிடும் என்று காட்டியது. பகலில் ஒரு நிழல் விழுந்தால் செடி அதைப் பொருட்படுத்துவதில்லை. இரவில் ஒரு விளக்கு எரிந்தால் பொருட்படுத்துகிறது. எங்கள் ஊர்களின் பழைய நீண்ட வயது நெல்லினங்கள் சிலவும் இந்தக் குணமுடையவைதான். வீதி விளக்கின் கீழ் நிற்கும் பயிர் பிந்திக் கதிர் தள்ளுவதைக் கமக்காரர் கண்டிருப்பார்கள்.

கனடாவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்று, மூடிய கட்டடங்களுக்குள் கஞ்சா வளர்ப்பவர்களுக்கு இரவில் கசியும் ஒளிதான் பெரிய தலையிடி. பூக்கும் பருவத்தில் 12 மணித்தியாலம் முழு இருட்டு வேண்டும். கதவிடுக்கால் வரும் கீற்று, இயந்திரமொன்றில் மின்னும் சிறு விளக்கு என்று எல்லாவற்றையும் தேடித்தேடி மறைக்கிறார்கள். ஒளி கசிந்தால் பூப்பு பிந்தலாம், செடி மீண்டும் இலை தள்ளலாம். பெண் செடியிலேயே ஆண் பூ தோன்றி விதை பிடித்துவிடும் என்ற பயமும் இருக்கிறது. விதை விழுந்த பூவை மருந்துச் சந்தையில் நல்ல விலைக்கு விற்க முடியாது.

கௌக்காவில் பிரச்சினை தலைகீழானது. அந்த மலைகள் பூமத்திய கோட்டிலிருந்து ஏறக்குறைய 3 பாகை வடக்கே இருக்கின்றன. அங்கே ஆண்டு முழுவதும் பகலும் இரவும் கிட்டத்தட்டச் சமம் என்பதால், செடியை அதன் போக்கில் விட்டால் முழங்கால் உயரத்திலேயே பூத்துவிடும். அதைப் பூக்கவிடாமல் வளர்த்தெடுக்கவே இரவில் மின்குமிழ் எரிகிறது. கொலம்பியாவின் செவ்வந்திப் பூ ஏற்றுமதித் தோட்டங்களும் இதே முறையைத்தான் கையாள்கின்றன. செடி போதிய அளவு வளர்ந்ததும் விளக்கை அணைத்தால் போதும், இயற்கையான இரவு மிகுதியைப் பார்த்துக்கொள்ளும். மின்சாரம் பெரும்பாலும் களவாக இழுக்கப்படுவதால் மின்மாற்றிகள் சுமை தாங்காமல் போய், ஊர்களே இருளில் கிடந்த நாட்களும் உண்டு. விளக்கை மூடி மறைத்து, விமானச் சத்தத்திற்குக் காது கொடுத்தபடி இரவுகளைக் கழித்த எங்களுக்கு, தூரத்திலிருந்து தெரியும்படி எரியும் ஒரு மலை விசித்திரமாகத்தான் இருக்கும்.

ஆனால் அந்த மலைகளின் கதை எங்களுக்கு அந்நியமானதல்ல. அங்கு வாழ்பவர்களில் பெரும்பகுதியினர் நாசா பழங்குடி மக்கள். சமவெளியின் வளமான நிலம் பெருந்தோட்டங்களின் கையில் இருக்க, இவர்களுக்குச் சரிவுகளே மிஞ்சின. அரசுப் படைக்கும் பார்க் கெரில்லாக்களுக்கும் நடுவே பல பத்தாண்டுகள் சிக்கியிருந்தார்கள். 2011 ஜூலை 9ஆம் திகதி, சந்தை நாளன்று, தொரிபியோவில் ஒரு பேருந்தில் குண்டு வைத்து பார்க் நடத்திய தாக்குதல் நகரின் நடுப்பகுதியைச் சிதைத்தது. 2016இல் சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது. கிராமங்களுக்கு வீதியும் காணியும் மாற்றுப் பயிரும் வரும் என்று அதில் எழுதப்பட்டது. வீதி வரவில்லை. பிரிந்துபோன ஆயுதக் குழுக்கள் வந்தன, கஞ்சாவிலும் கொக்காவிலும் தங்கள் பங்கை வசூலித்தன. அதை எதிர்த்து நின்ற நாசா தலைவி கிறிஸ்டினா பௌடிஸ்டா 2019 ஒக்டோபர் 29ஆம் திகதி, பழங்குடிக் காவலர் நால்வருடன் சேர்த்துச் சுட்டுக்கொல்லப்பட்டார்.

இதற்கிடையில், அதே 2016இல், கொலம்பியா மருத்துவக் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியது. 1787ஆம் இலக்கச் சட்டமும் அடுத்த ஆண்டு வந்த ஒழுங்குவிதிகளும் சிறு உற்பத்தியாளரைப் பாதுகாப்பதாகச் சொல்லின. பெரிய பதப்படுத்தும் நிறுவனங்கள் தமது தேவையில் குறைந்தது 10 வீதத்தைச் சிறு, நடுத்தர விவசாயிகளிடம் வாங்க வேண்டும் என்று எழுதப்பட்டது. கொரிந்தோ விவசாயிகளின் கூட்டுறவு ஒன்று கனடா தொடர்புடைய கம்பனியுடன் ஒப்பந்தமும் செய்தது. படங்கள் வெளியாகின, நம்பிக்கை பிறந்தது.

நம்பிக்கை உடைந்த இடம்தான் முக்கியமானது. ஏற்றுமதிச் சந்தைக்கு ஒரே தரமான, விதையில்லாத, அளவிட்ட வேதிப்பொருள் கொண்ட பூ வேண்டும். அதற்கு வளரும் செடியையும் பூக்கும் செடியையும் தனித்தனிக் கூடாரத்தில் வைத்து, ஒன்றின் வெளிச்சம் மற்றதில் விழாதபடி கறுப்புத் திரை போட வேண்டும். வேலி, காவல், ஆய்வுகூடச் சான்றிதழ் எல்லாம் வேண்டும். மலைச்சரிவில் மேலே ஒருவரின் விளக்கு எரிந்துகொண்டிருக்க, கீழே இன்னொருவர் செடியைப் பூக்கவிடும் துண்டுக் காணியில் இந்த ஒழுங்கைக் கொண்டுவருவது எளிதல்ல. பிரதான அனுமதிப் பத்திரங்களும் முதலீடும் ரியோநெக்ரோ போன்ற இடங்களில் கூடாரம் அமைக்கக்கூடிய கம்பனிகளிடம் போய்ச் சேர்ந்தன. பின்னர் உலகச் சந்தையில் விலை சரிந்தபோது அந்தக் கம்பனிகளும் தடுமாறின. வயது வந்தோர் பாவனையைச் சட்டபூர்வமாக்கும் பிரேரணையோ 2023 ஜூனில் செனற்றில் போதிய வாக்கின்றித் தோற்றது. மலையில் விளைவது சட்டவிரோதமாகவே தொடர்கிறது.

என் பார்வையில், சிறு விவசாயியை வெளியே நிறுத்த அங்கு யாரும் தனியாகச் சதி செய்யத் தேவைப்படவில்லை. இருட்டை விலை கொடுத்து வாங்கக்கூடியவருக்கே அனுமதி என்ற தொழில்நுட்ப நிபந்தனை அதைச் செய்துவிட்டது. 10 வீத ஒதுக்கீட்டை எழுதியவர்கள், அந்தப் 10 வீதத்தை விளைவிக்கக் கூடாரத்திற்கும் திரைக்கும் கடன் யார் தருவார் என்பதை எழுதவில்லை.

இலங்கை இப்போது அதே வாசலில் நிற்கிறது. மீரிகமவில் 64 ஏக்கர் காணியில், ஏழு வெளிநாட்டு முதலீட்டாளர்கள் ஏற்றுமதிக்காகக் கஞ்சா பயிரிட அனுமதிக்கப்பட்டதாக 2025இல் அறிவிக்கப்பட்டது. உள்நாட்டுப் பாவனைக்கான தடை அப்படியே இருக்கிறது. எங்கள் தீவும் பூமத்திய கோட்டுக்கு அருகில்தான். யாழ்ப்பாணத்தில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையிலான வித்தியாசம் ஒரு மணித்தியாலத்திற்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆகவே இங்கும் செடியை வளர்க்க இரவில் விளக்கு வேண்டும், பூக்க வைக்க அந்த விளக்கை மறைக்கும் கூடாரமும் வேண்டும். இது ஒரு கமக்காரக் குடும்பம் பின்வளவில் தொடங்கக்கூடிய தொழிலல்ல.

வடக்குக் கரையில் கேரளக் கஞ்சாப் பொதிகளுடன் படகுகள் பிடிபடும் செய்தியை நாங்கள் அடிக்கடி வாசிக்கிறோம். விளக்கமறியலுக்குப் போகிறவர்கள் பொதியைச் சுமந்த இளைஞர்களும் படகோட்டிகளும். பொதிக்குப் பணம் போட்டவர் பிடிபட்டதாக வரும் செய்தி அபூர்வம். மீரிகமவில் வேலிக்குள் வளரப்போவதும் அதே இனச் செடிதான். வழக்குகளைச் சந்திக்கும் குடும்பங்களுக்கு இந்த மாற்றம் எதையாவது மாற்றுமா, தண்டனைச் சட்டம் மீளாய்வு செய்யப்படுமா, வருமானத்தில் ஒரு பங்கு போதைப்பொருள் மறுவாழ்வுக்குப் போகுமா என்று நாடாளுமன்றத்தில் வடக்கு, கிழக்குப் பிரதிநிதிகள் கேட்க வேண்டும். கொலம்பியாவில் குறைந்தபட்சம் 10 வீதம் என்று ஒரு வரியாவது எழுதினார்கள். முதலீட்டாளருடன் இங்கு செய்யப்படும் ஒப்பந்தங்களில் உள்ளூர்க் கமக்காரருக்கு என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதையும், அந்த ஒப்பந்தங்களையே பகிரங்கப்படுத்துவார்களா என்பதையும் சேர்த்துக் கேட்கலாம்.