செயலிக்குச் சும்மா இருக்கத் தெரியுமா?

மதிய உணவு வேளையில் தஞ்சோங் பகாரின் குவோகோ டவரிலிருந்து இறங்கும் கூட்டம் மேக்ஸ்வெல் உணவங்காடியை நோக்கி நடக்கிறது. அந்நேரம் பார்த்து ‘எழுந்து நடங்கள்’ என்று கைப்பட்டை அதிர்ந்தால் யாருக்கு லாபம்? நடப்பவருக்கு அது வேண்டியதில்லை. இரவுப் பணி முடித்துத் தூங்கும் பாதுகாவல் அதிகாரிக்கோ தொல்லை.

தஞ்சோங் பகாரிலிருந்து எம்ஆர்டியில் ஒரே நிறுத்தம், ஊட்ரம் பார்க். சுகாதார மேம்பாட்டு வாரியமும் டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியும் அங்கேதான் இருக்கின்றன. வாரியம் 2015இல் ‘நேஷனல் ஸ்டெப்ஸ் சேலஞ்ச்’ தொடங்கிக் கைப்பட்டைகளை இலவசமாகக் கொடுத்தது. நடந்தால் புள்ளி, புள்ளிக்குப் பற்றுச்சீட்டு. 2020இல் ஆப்பிளுடன் சேர்ந்து வந்த ‘லுமிஹெல்த்’ இரண்டாண்டுகளில் 380 வெள்ளி வரை தருவதாகச் சொன்னது. இத்தகைய திட்டங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதே முன்னால் வந்து நிற்கிறது. முதலில் ஓடிவந்து சேர்பவர்களில் ஏற்கெனவே நடக்கிறவர்கள் எத்தனை பேர் என்பது அந்த எண்ணிக்கையில் தெரியாது.

காசு கொடுத்தால் நடப்பார்களா என்பதை டியூக்-என்யுஎஸ் ஆய்வாளர்கள் முறையாகவே சோதித்தார்கள். சிங்கப்பூரில் 13 நிறுவனங்களைச் சேர்ந்த 800 ஊழியர்களை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஒன்றுமில்லை. ஒன்றுக்கு ஃபிட்பிட் மட்டும். மற்ற இரண்டுக்கும் ஃபிட்பிட்டோடு ஊக்கத்தொகை, ஒன்றில் கையில் ரொக்கம், இன்னொன்றில் அறக்கொடை. முடிவு 2016இல் வெளியானது. ஆறு மாதம் ரொக்கக் குழு நன்றாகவே நடந்தது. காசு நின்றது, ஓராண்டு முடிவில் அந்த ஆதாயமும் போயிற்று. உடல்நிலையிலும் முன்னேற்றம் தென்படவில்லை.

அப்படியானால் காசைக் குறைத்து, ஆளுக்கும் வேளைக்கும் தக்கபடி பேசும் செயலி வேண்டும் என்கிறார்கள். சரிதான். ஆனால் அது தக்கபடிதான் பேசுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் செய்த ‘ஹார்ட்ஸ்டெப்ஸ்’ ஆய்வு இதற்கு வழி காட்டுகிறது. தினமும் ஐந்து வேளை, ஒவ்வொரு வேளையும் செய்தி அனுப்புவதா வேண்டாமா என்பதைப் பூவா தலையா போட்டதுபோலக் கணினி முடிவு செய்தது. வண்டி ஓட்டுபவரையும் நடந்துகொண்டிருப்பவரையும் அது தொந்தரவு செய்யவில்லை. அனுப்பிய வேளைக்கும் அனுப்பாத வேளைக்கும் அடுத்த அரைமணி நேரத்தில் எத்தனை அடி வித்தியாசம் என்று கணக்கிட்டார்கள். தொடக்கத்தில் 66 விழுக்காடு கூடுதல். நான்காவது வாரத்தில் வித்தியாசமே இல்லை. மனிதர்களுக்குப் பழகிப்போயிற்று, அவ்வளவுதான்.

37 பேரின் தரவை வைத்துச் செய்த சிறிய ஆய்வு அது. அரைமணி நேர அடிக்கணக்கு ரத்தச் சர்க்கரையைக் குறைத்துவிடாது என்பதும் உண்மை. அதை அறிய நீண்டகால ஆய்வு தனியே வேண்டும். ஆனால், எந்தச் செய்தி யாரிடம் எப்போது எடுபடுகிறது, எப்போது சலிக்கிறது என்பதை மொத்த எண்ணிக்கை ஒருபோதும் சொல்லாது. இந்தக் கணக்கு சொல்லும்.

2016இல் நீரிழிவுக்கு எதிராகப் போர் அறிவித்த நாடு இது. நீரிழிவு இந்திய சமூகத்தை அதிகமாகவே தாக்குகிறது. எனவே அலுவலகப் பணியாளருக்கு வெட்டித் தைத்த செய்தி அட்டவணை பாதுகாவலருக்கும் துப்புரவாளருக்கும் பொருந்துமா என்று கேட்க நமக்குக் காரணம் இருக்கிறது. வாரியத்தின் நடைத் திட்டத்தின் அடுத்த சுற்றிலேயே, அதே குலுக்கல் முறையில் சில வேளைகளில் செய்தி அனுப்பாமல் விட்டு, அந்த வேளைகளையும் சேர்த்துப் பதிவு செய்து, பணிமுறைவாரியாக முடிவுகளை வெளியிடலாம். சிலருக்குச் செய்தி போகாவிட்டால் அநியாயம் இல்லையா என்பார்கள். ஒரு செய்தி குறைவதால் யாருக்கும் நஷ்டமில்லை. தொல்லை தாளாமல் அறிவிப்புகளை மொத்தமாக அணைத்துவிட்டவருக்குத்தான் நஷ்டம். நாளை நீரிழிவுக்கான கண் பரிசோதனைக்கு வரச்சொல்லும் செய்தியும் அவருக்குப் போய்ச் சேராது.