ஒரு கார், இரண்டு உயரம்

என் உயரம் 5 அடி 11 அங்குலம். என் மனைவியின் உயரம் 4 அடி 11 அங்குலம். வெளியில் யாராவது கேட்டால் ‘அஞ்சடி’ என்றுதான் சொல்வார், நானும் திருத்துவதில்லை. இந்த ஓரடி வித்தியாசம் குடும்பப் படம் எடுக்கும்போது மட்டும்தான் இடைஞ்சல் என்று பல ஆண்டுகள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் எங்கள் வீட்டில் இருப்பது ஒரே கார். அதன் ஓட்டுநர் இருக்கையும் ஒன்றுதான்.

நாங்கள் இருப்பது சுபாங் ஜெயாவில். அவர் கிள்ளானில் தாதி. காலை 7 மணி ஷிஃப்டுக்கு அவர் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார். நான் எல்ஆர்டியில் வேலைக்குப் போவேன். மாலையில் பிள்ளையின் டியூஷன், அம்மாவின் கோயில், சந்தை எல்லாம் என் கணக்கு. அதனால் இரவு நான் காரைவிட்டு இறங்கும்போது இருக்கை கடைசிவரை பின்னால் போயிருக்கும். காலையில் அவர் ஏறி, இருக்கைக்கு அடியில் உள்ள கம்பியைத் தூக்கி, ‘டக்’ என்று சத்தம் வரும்வரை முன்னே இழுப்பார். அவ்வளவுதான். உயரத்தையும் சாய்வையும் தொடமாட்டார். நேரம் இருக்காது.

ஒரு மழைக்காலக் காலை. கூட்டரசு நெடுஞ்சாலையில் பத்து தீகாவைத் தாண்டியதும் முன்னால் போன லாரி திடீரென்று வேகத்தைக் குறைத்திருக்கிறது. இவர் பிரேக்கை அழுத்தி மிதித்திருக்கிறார். கார் நின்றது, இருக்கை நிற்கவில்லை. இரண்டு மூன்று அங்குலம் வழுக்கி முன்னே போய், இவரை ஸ்டீயரிங்கோடு ஒட்டிவிட்டது. நல்ல வேளை, மோதல் எதுவும் இல்லை. இரவு சாப்பிடும்போது, மழை பெய்தது என்பதைப் போல சாதாரணமாகச் சொன்னார்: “இன்னிக்கு சீட்டு ஓடிப்போச்சுங்க.”

எனக்குச் சோறு இறங்கவில்லை. கைத்தொலைபேசி வெளிச்சத்தில் இருக்கைக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தேன். தண்டவாளத்தின் பல்லிடுக்கில் ஓர் இருபது காசு. கையால் நகர்த்தும் இருக்கைக்குக் கீழே இரண்டு தண்டவாளங்கள் இருக்கும். அவற்றில் வரிசையாகப் பற்கள் அல்லது துளைகள். கம்பியை விட்டதும் கொக்கி அவற்றில் போய் விழ வேண்டும். முழுதாக விழாவிட்டாலும் சில சமயம் ‘டக்’ என்று சத்தம் வரும். அதை நம்பி நாம் கிளம்பிவிடுவோம். கம்பியை விட்ட பிறகு உடம்பை முன்னும் பின்னும் ஒருமுறை ஆட்டிப் பார்த்தால் இருக்கை பூட்டியிருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். எத்தனை பேர் ஆட்டிப் பார்க்கிறோம்? நான் பார்த்ததே இல்லை.

அன்றிரவே அவரை இருக்கையில் உட்காரவைத்து அளந்தேன். நெஞ்செலும்புக்கும் ஸ்டீயரிங்கின் நடுப்பகுதிக்கும் இடையே குறைந்தது 10 அங்குலம், அதாவது 25 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பின் அறிவுரை. காற்றுப்பை கண் இமைக்கும் நேரத்தில் வெடித்து விரியும். அதற்கு மிக அருகில் இருந்தால் காப்பாற்ற வேண்டியதே காயப்படுத்திவிடும். எங்கள் அளவுகோல் காட்டியது 7 அங்குலம். காரணம் என் சாய்வு. அதில் சாய்ந்தால் அவருக்குச் சாலை தெரியாது, ஆகவே முதுகு படாமல் நுனியில் உட்கார்ந்தே இத்தனை நாள் ஓட்டியிருக்கிறார். இருக்கையை உயர்த்தி, சாய்வை நிமிர்த்தி, ஒரு பல் பின்னே தள்ளினோம். முதுகும் பதிந்தது, பிரேக்கும் முழுதாக எட்டியது, 10 அங்குலமும் கிடைத்தது. எல்லாம் முடிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அந்த ஒரு நிமிடம் தினமும் காலை 6.15 மணிக்கு வேண்டும்.

“மின்சார சீட் உள்ள காடி வாங்கிடுவோம்” என்றேன். எதற்கும் ஒரு பொருளை வாங்கித் தீர்வு காண்பது ஆண்களின் வழக்கம் என்று அவர் சொன்னதை இங்கே எழுதாமல் விடலாம், எழுதிவிட்டேன்.

மின்சார இருக்கையில் பல்லும் கொக்கியும் இல்லை. ஒரு சிறு மோட்டார் நீண்ட திருகுத் தண்டைச் சுழற்றும். அந்தத் திருகுதான் இருக்கையை நகர்த்தும், அதுவேதான் பிடித்தும் வைத்திருக்கும். பொத்தானை விட்ட இடத்தில் அப்படியே நிற்கும். எவ்வளவு பிரேக் போட்டாலும் திருகு தானாகச் சுழன்று ஓடிவிடாது. பல்லுக்குப் பல் தாண்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்வதால், இந்தப் பல்லில் முழங்கால் இடிக்கிறது, அடுத்த பல்லில் பிரேக் எட்டவில்லை என்ற தொல்லையும் இல்லை. எனக்கு அந்தப் பத்து தீகா காலைதான் கண்முன் நின்றது. வேறு எதையும் யோசிக்கவில்லை.

புதிய கார்களில் மைவி போன்றவற்றில் எல்லாமே கைவேலைதான். பக்கவாட்டு லீவரை மேலும் கீழும் அடித்தால் இருக்கை உயரும், இறங்கும். புரோட்டோன் எக்ஸ்50-இன் உயர்ரக வகைகளுக்குப் போனால் ஓட்டுநருக்கு மின்சார இருக்கை உண்டு. எங்கள் கைக்கு எட்டியது பழைய கார். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடா எப்படி மூழ்கியது என்பதை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். இந்த மோட்டார்கள் இருக்கைக்கு அடியில், தரையை ஒட்டி இருக்கின்றன. தண்ணீர் உள்ளே வந்தால் சீக்கிரமே அடிவாங்குபவற்றில் இவையும் சேர்த்தி. அதனால் எந்தப் பழைய காரைப் பார்த்தாலும் இருக்கையை முழுதாகப் பின்னே தள்ளி, முழுதாக முன்னே இழுத்து, தண்டவாளத்தில் துருவும் காய்ந்த சேறும் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இப்படிக் குனிந்தே இரண்டு கார்களை வேண்டாம் என்றேன். மூன்றாவதை வாங்கினோம்.

முதல் வாரம் பிள்ளைக்கு அது விளையாட்டுச் சாமான். இரண்டாம் வாரம் ஒரு காலையில் வாசலில் நின்று கவனித்தேன். அம்மணி இருக்கையை முன்னே நகர்த்திவிட்டு, உயரத்தையும் சாய்வையும் அப்படியே விட்டுவிட்டு, நுனியில் உட்கார்ந்தபடி கிளம்புகிறார். கையைக் காட்டி நிறுத்தினேன்.

“அது ஊர்ந்து ஊர்ந்து போகுதுங்க. அமுக்கிட்டே இருக்கணும். எனக்கு நேரமாச்சு லா!”

அன்று மாலை கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். என் இடத்திலிருந்து அவர் இடத்துக்கு முன்னே வர 14 விநாடி. உயரம், சாய்வு எல்லாம் சேர்த்தால் அரை நிமிடத்துக்கும் மேல். பழைய இருக்கையில் ஒரே இழுப்பில் வந்துவிடுவார். ஒருவர் மட்டும் ஓட்டும் காரில் இந்த மெதுவான வேகம் ஒரு குறையே இல்லை. ஒருமுறை சரியாக வைத்தால் மாதக்கணக்கில் தொட வேண்டாம். ஆனால் அப்படிப்பட்டவருக்குக் கையால் நகர்த்தும் இருக்கையே போதுமே! இருவர் மாறி மாறி ஓட்டும் வீட்டுக்கு வேண்டியது மோட்டார் அல்ல, நினைவு. 1, 2 என்று பொத்தான் இருக்கும். அமுக்கினால் அவரவர் இடத்துக்கு இருக்கை தானே போகும். 1957-லேயே காடிலாக்கின் எல்டோராடோ புரோம் காரில் வந்துவிட்ட வசதி இது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் நம்மைப் போன்றவர்கள் வாங்கும் விலையில் பெரும்பாலும் மோட்டார் மட்டும்தான் கிடைக்கிறது, நினைவு கிடைப்பதில்லை. விளம்பரத் தாளில் ‘மின்சார இருக்கை’ என்று ஒரே வரியில் போட்டுவிடுகிறார்கள். விற்பனையாளரிடம் நினைவு உண்டா என்று தனியாகக் கேளுங்கள்.

இன்னொன்றையும் வாங்கிய பிறகுதான் கவனித்தேன். மோட்டார் ஓட்டுநருக்கு மட்டும்தான். பக்கத்து இருக்கையில் உட்காரும் என் அம்மாவுக்கு மூட்டு வலி. குனிந்து கம்பியைத் தூக்கவும் முடியாது, காலை ஊன்றிப் பின்னே தள்ளவும் முடியாது. “இவ்வளவு காசு குடுத்து வாங்கி, எனக்கு மட்டும் பழைய சீட்டா?” என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

கடைசியில் நான் செய்தது செலவில்லாத வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவியை மறுபடியும் உட்காரவைத்து, 10 அங்குலம் அளந்து, அவருக்கான இடத்தில் இருக்கையின் பக்கவாட்டுப் பிளாஸ்டிக்கிலும் அதற்கு நேராகக் கதவோர விளிம்பிலும் திருத்தும் வெள்ளை மையால் கோடு போட்டேன். சாய்வுக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று. இரவு காரை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கதவைத் திறந்து காலை வெளியே வைத்துக்கொண்டு, கோடுகள் ஒன்றுசேரும்வரை பொத்தானை அமுக்குகிறேன். எனக்கு இரவில் அவசரம் கிடையாது. இதே வெள்ளை மையைப் பழைய காரிலும் பூசியிருக்கலாமே, ஆட்டிப் பார்க்கும் பழக்கத்தோடு அதுவே போதுமே என்ற எண்ணம் தவணை கட்டும் ஒவ்வொரு மாதமும் வருகிறது.

முதல் நாள் காலை அவர் ஏறி உட்கார்ந்தார். முதுகைச் சாய்த்தார், பிரேக்கை மிதித்துப் பார்த்தார், ஸ்டீயரிங்கைப் பிடித்தார். நான் வாசலில் நின்று பாராட்டுக்காகக் காத்திருந்தேன். கண்ணாடியை இறக்கினார்.

“சீட்டு சரியாத்தான் இருக்கு. பின்னால பாக்குற கண்ணாடிய யாரு மாத்துறது?”