ஏரியல் வெறும் கம்பியா?

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் சரக்கு லாரி ஓட்டுவோர் பலரிடம், சி.பி. ரேடியோ என்னும் பேச்சுக் கருவியைக் குறித்து ஓர் அபிப்பிராயம் வேரூன்றியிருக்கிறது. பணத்தைப் போட வேண்டியது கருவியில்தான். ஏரியல் வெறும் கம்பியாதலால் மலிவாகக் கிடைக்கும் எதையாவது மாட்டிக்கொண்டால் போதும் என்பதே அது. நியாயம்போல் தொனிக்கும் இந்த வாதத்தின் அங்கங்களை ஒவ்வொன்றாகப் பரிசீலிப்போம்.

குரல் எட்டும் தூரம் கருவியின் சக்தியைப் பொறுத்தது என்பது முதல் வாதம். 1958-இல் பொதுமக்களுக்கென 27 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் திறந்துவிடப்பட்ட இந்தச் சேவையில், சாதாரண ஏ.எம். முறையில் 4 வாட்டுக்கு மேல் அனுப்பச் சட்டம் இடந்தராத காரணத்தால், விலை உயர்ந்த கருவிக்கும் மலிவான கருவிக்கும் அனுமதிக்கப்பட்ட உச்ச சக்தி ஒன்றேயாகும். சட்டத்தை மீறிச் சக்தியைப் பெருக்கும் சாதனத்தைப் பூட்டுகிறவனும் தன் குரலைத்தான் உரக்கச் செய்கிறானேயன்றி, எதிராளியின் மெல்லிய குரலைக் கேட்க அது அவனுக்கு அணுவளவும் துணை செய்வதில்லை. நல்ல ஏரியலோ அனுப்புதல், வாங்குதல் ஆகிய இரு காரியங்களுக்கும் அனுகூலமாகிறது.

எந்தக் கம்பியும் ஒன்றுதான் என்பது இரண்டாவது வாதம். 27 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 11 மீட்டர். அதில் கால் பங்கான 2.7 மீட்டர்க் கம்பியே அதனோடு இயல்பாக இசைவது. அவ்வளவு உயரம் வண்டிக்கு ஒவ்வாதபோது, கம்பிச்சுருள் ஒன்றைச் சேர்த்து ஏரியலைக் குட்டையாக்குகிறார்கள். மெல்லிய கம்பியை அசிரத்தையாகச் சுற்றிய சுருளில் சக்தியின் ஒரு பகுதி உஷ்ணமாக விரயமாவதையும், தடித்த செம்புக் கம்பிச் சுருளில் அவ்விரயம் குறைவதையும் அறிந்தவர், விலையின் ஏற்றத்தாழ்வுக்குக் காரணம் கேட்கமாட்டார்.

எங்கே பொருத்தினாலும் சரி என்பது மூன்றாவது வாதம். வண்டியின் உலோக உடலே ஏரியலின் மறு பாதியாக வேலை செய்கிறது என்பதை மறந்தவர்களின் பேச்சு இது. கண்ணாடி இழையால் ஆன கூரையின் மேல் சாதாரண ஏரியலை நிறுத்தினால் அந்தப் பாதி இல்லாமற்போகிறது. அத்தகைய வண்டிகளுக்கென்றே தனி வகை ஏரியல்கள் உள்ளன. பொருத்தியபின், ஏரியல் கருவியோடு எவ்வளவு இசைகிறது என்பதைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைக் கொண்டு சோதிப்பதும் அவசியம். அதன் முள் 3-ஐக் காட்டினால், அனுப்பிய சக்தியில் கால் பங்கு கருவிக்கே திரும்புகிறது என்று அர்த்தம். அந்த நிலை நீடித்தால் கருவியின் டிரான்சிஸ்டருக்கே அபாயம். முள் 1.5-க்குள் நின்றால் திரும்புவது நூற்றுக்கு 4 பங்கைத் தாண்டாது.

கைபேசி வந்தபின் இவையெல்லாம் எதற்கு என்பது கடைசி ஆட்சேபம். கைபேசி, எண் தெரிந்த ஒருவரை அழைப்பதற்கானது. லாரி ஓட்டுவோர் பொதுவாகக் கேட்டுக்கொண்டிருக்கும் சி.பி.யின் 19-ஆம் சேனலில் எழும் குரலோ, முன்னே பனியில் சறுக்கிய லாரி பாதையை அடைத்துக் கிடக்கிறதென்று, பின்னால் வரும் முன்பின் அறியாத அனைவரையும் ஒரே கணத்தில் எச்சரிக்கிறது. வயோமிங் மாநிலத்தில் 80-ஆம் எண் நெடுஞ்சாலையில் குளிர்காலத்தில் செல்பவருக்கு, அந்த எச்சரிக்கை இன்னும் சில மைல் முன்னதாகக் கிட்டுவது வேகத்தைத் தணிக்கப் போதிய அவகாசமாகும்.

மலை குறுக்கிட்டால் சிறந்த ஏரியலும் தோற்கும். சூரியப் புள்ளிகள் மிகுந்த காலத்தில் எங்கோ தொலைதேசத்துக் குரல்கள் சேனலை நிரப்புவதையும் அது தடுக்காது. ஆயினும் சக்திக்குச் சட்டம் வரம்பு கட்டிவிட்ட இடத்தில், ஓட்டுநரின் கைக்குள் அடங்கிய பெரிய அபிவிருத்தி ஏரியலிலும் அதைப் பொருத்தும் முறையிலுமே இருக்கிறது. ஆகையால் கையிருப்பு அளவானவர்கள், முதலில் தரமான ஏரியலுக்கும் அதைக் கருவியோடு இணைக்கும் கேபிளுக்கும் ஒதுக்கிவிட்டு, மிஞ்சியதைக் கொண்டு கருவி வாங்குவதே விவேகமாகும்.